பால் காணாது என்று முடிவெடுக்க முதல்

பிள்ளை பிறந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இருக்கும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்தாயிற்று. பொழுதுபட்டதும் பிள்ளை அழத் தொடங்குகிறது. மார்பில் போட்டால் இரண்டு நிமிடம் குடிக்கும், விட்டுவிடும், திரும்பவும் அழும். பார்க்க வந்த மாமியோ பெரியம்மாவோ "பால் காணாது போல கிடக்கு பிள்ளை" என்று சொல்லிவிடுவார். அன்பில் வருகிற சொல்தான். ஆனால் விடிவதற்குள் குசினியில் ஒரு பால்மா ரின்னும் சூப்பிப் போத்தலும் வந்து இருந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளை போத்தலில் வயிறு நிறைந்து தூங்கும், மார்பில் குடிப்பது குறையும், குடிப்பது குறைய ஊறுவதும் குறையும். சொன்ன சொல் பத்து நாளில் உண்மையாகிவிடும்.

இலங்கையில் 6 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளில் 82 வீதமானோர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள் என்று 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வு சொல்கிறது. பெருமைப்படக்கூடிய கணக்கு. அந்தக் கணக்குக்குள் வருகிற தாய்மாரும் முதல் இரண்டு கிழமை பட்ட பாட்டை யாரும் எழுதி வைப்பதில்லை. திருகோணமலையில் வெயில், பத்தியம், வேலைக்குத் திரும்புகிற அவசரம் என்று அந்தப் பாட்டுக்கு நம்முடைய சொந்தக் காரணங்களும் உண்டு.

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறந்த முதல் 24 மணித்தியாலத்தில் பிள்ளை ஒரு தடவையில் குடிப்பது 2 முதல் 10 மி.லீ. வரைதான். ஒரு தேக்கரண்டி 5 மி.லீ. என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நாலாம் நாள் 30 முதல் 60 மி.லீ. இப்படித்தான் கூடும். மஞ்சளாக, தடிப்பாக, சொட்டுச் சொட்டாக வருகிற சீம்பால் அந்த நாட்களுக்குத் தாராளம். பால் பெருகி மார்பு பாரமாவது அநேகமாக மூன்றாம் நாலாம் நாளில். சிசேரியன், கூடுதலான இரத்தப்போக்கு, நீரிழிவு, நீண்ட நேரப் பிரசவ வலி, முதல் பிள்ளை, இவற்றில் ஒன்றிருந்தால் ஒன்றிரண்டு நாள் பிந்தலாம். பிந்துகிறது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை.

உறிஞ்ச உறிஞ்சத்தான் பால். பிள்ளை உறிஞ்சும்போது புரோலக்ரின் என்ற ஓமோன் பாலை உண்டாக்குகிறது, ஒக்சிரோசின் அதை வெளியே தள்ளுகிறது. மார்பு நிறைந்தபடியே கிடந்தால் சுரப்பு தானாகக் குறையும். ஆகவே 24 மணித்தியாலத்தில் 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். இரவும் அதற்குள் அடக்கம், ஏனென்றால் புரோலக்ரின் இரவில்தான் கூடச் சுரக்கும். முதல் இரண்டு கிழமை பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாலும் 3 மணித்தியாலத்துக்கு ஒருக்கா எழுப்புங்கள். மஞ்சள் பிடித்த பிள்ளை கூடுதலாகத் தூங்கும். அதைத்தான் கட்டாயம் எழுப்பிக் கொடுக்க வேண்டும், மலத்தோடுதான் மஞ்சள் வெளியே போகும்.

பால் காணுதா காணாதா என்பதற்கு அழுகை சாட்சி இல்லை. மார்பின் பருமனும் சாட்சி இல்லை. பிழிந்து பார்த்து வருகிற அளவும் சாட்சி இல்லை, கையும் பிள்ளையின் வாயும் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது சீலையும் தராசும். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் இரண்டு தடவை என்று சிறுநீர் கூடி, ஐந்தாம் ஆறாம் நாளிலிருந்து நாளுக்கு 6 சீலையாவது நன்றாக நனைய வேண்டும், நிறம் வெளிறியிருக்க வேண்டும். பம்பஸ் கட்டினால் இது பிடிபடாது. முதல் இரண்டு கிழமைக்காவது பகலில் பருத்திச் சீலை கட்டுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். மலம் முதலில் கறுப்பாக, தார் மாதிரி ஒட்டும். மூன்றாம் நாளளவில் பச்சையாக மாறும், ஐந்தாம் நாளளவில் மஞ்சளாகும். ஐந்து நாளாகியும் கறுப்பாகவே போகிறது என்றால் பிள்ளைக்குப் பால் போய்ச் சேரவில்லை. அன்றைக்கே காட்டுங்கள். ஆறு கிழமை கடந்த பிள்ளை மூன்று நாலு நாளுக்கு ஒருக்கா மலம் கழித்தாலும், அது இளக்கமாக இருந்து பிள்ளை சுகமாக இருந்தால் பயமில்லை.

நிறையைப் பொறுத்தவரை, எல்லாப் பிள்ளையும் முதல் நாட்களில் கொஞ்சம் இறங்கும். 3 கிலோவில் பிறந்தது 2.800 அளவுக்கு வருவது வழமை. 2.700க்குக் கீழே போனால், அதாவது பத்திலொரு பங்குக்கு மேல் குறைந்தால், பால் கொடுக்கும் முறையை யாராவது தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த நிறை திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதமும் கிழமைக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் நல்லது. கிளினிக் புத்தகத்தில் மிட்வைஃப் போடுகிற புள்ளிகள் மேல்நோக்கிப் போனால், பக்கத்து வீட்டுப் பிள்ளை கொழுகொழு என்று இருக்கிறதே என்று மனம் வருந்தத் தேவையில்லை.

இனி, எல்லாத்திலும் முக்கியமானது: பிள்ளை வாய் வைக்கிற விதம். வெடிப்பு, வலி, பால் கட்டுதல், நிறை ஏறாமை எல்லாவற்றையும் பின்னோக்கிப் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

தாய் முதலில் சாய்ந்து இருக்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையின் விளிம்பில் இருந்து பிள்ளைக்கு மேல் குனிந்தால் பத்து நிமிடத்தில் நாரி நோகும், நாரி நொந்தால் பிள்ளையைச் சீக்கிரம் எடுத்துவிடத்தான் தோன்றும். முதுகுக்கு ஒன்று, மடிக்கு ஒன்று என்று இரண்டு தலையணை வையுங்கள். பிள்ளையின் முகம் மட்டும் திரும்பியிருந்தால் போதாது. வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்ட வேண்டும், காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். கழுத்தைத் திருப்பிக்கொண்டு எங்களாலும் தண்ணீர் குடிக்க முடியாது. உங்கள் கை பிள்ளையின் தோளையும் பிடரியின் அடியையும் தாங்கட்டும். தலையின் பின்பக்கத்தை அழுத்தித் தள்ளினால் பிள்ளை பின்னுக்குத் திமிறும்.

இப்போது காம்புக்கு நேரே பிள்ளையின் மூக்கு இருக்க வேண்டும், வாய் அல்ல. காம்பால் மேலுதட்டைத் தடவுங்கள். பிள்ளை வாயைக் கொஞ்சம் திறக்கும். அதற்குள் அவசரப்பட வேண்டாம். திரும்பத் தடவுங்கள். கொட்டாவி விடுகிற அளவுக்கு வாய் விரிகிற ஒரு கணம் வரும். அந்தக் கணத்தில் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், மார்பைப் பிள்ளைக்குக் கொண்டுபோக வேண்டாம். நாடி முதலில் முட்ட வேண்டும், மூக்கு பிறகு. மார்பைப் பிடிப்பதானால் பெருவிரல் மேலே, மற்ற நாலு விரலும் கீழே, கறுத்த வட்டத்துக்கு வெகு பின்னால். இரண்டு விரல் இடுக்கில் கத்தரிக்கோல் போட்டுப் பிடித்தால் பால் வருகிற வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

சரியாகப் பொருந்தினால் வாய் அகலமாக இருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், நாடி மார்பில் புதைந்திருக்கும், கறுத்த வட்டம் உதட்டுக்குக் கீழே தெரிவதைவிட மேலே கூடத் தெரியும். கன்னம் உருண்டு நிற்கும். உள்ளே குழிந்தால் பிள்ளை காம்பை மட்டும் சப்புகிறது. பிறகு தாடையைக் கவனியுங்கள். முதலில் வேகமாக, சின்னதாக அடிக்கும். பால் இறங்கியதும் தாடை ஆழமாக இறங்கி, அடியில் ஒரு கணம் நின்று, எழும். அந்த நிற்கிற கணம்தான் ஒரு வாய் பால். தொண்டையில் மெல்லிய "க்கா" என்ற சத்தமும் கேட்கும். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சத்தத்தை ஒருதடவை அடையாளம் கண்ட தாய்க்கு "பால் காணாது" என்று யார் சொன்னாலும் உறைக்காது.

குடித்து விட்டதும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக வந்தால் நல்லது. புது உதட்டுச்சாயக் குச்சியின் நுனிபோல ஒரு பக்கம் சரிந்து, வெளிறி வந்தால் பிள்ளை மேலோட்டமாகத்தான் பிடித்திருக்கிறது. முதல் அரை நிமிடம் கொஞ்சம் இழுத்து நோவது முதல் கிழமையில் இருக்கலாம். அதற்குப் பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டி வந்தால் பொறுக்க வேண்டாம். சின்ன விரலைச் சுத்தமாகக் கழுவி, பிள்ளையின் கடைவாயில் விட்டுப் பிடியைத் தளர்த்தி எடுத்து, முதலிலிருந்து போடுங்கள். பிடியை விடுவிக்காமல் இழுத்தால் அதுவே வெடிப்பு. "தாயென்றால் வலியைத் தாங்கத்தான் வேணும்" என்று சொல்லித் தருவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வலி என்பது முறை பிழைத்ததற்கான அறிவிப்பு.

வெடித்த காம்பில் சவர்க்காரம் போடாதீர்கள். கடைசியாக வருகிற ஒரு சொட்டுப் பாலைத் தடவிக் காற்றாட விடுங்கள். நோ குறைந்த பக்கத்தில் முதலில் கொடுங்கள். நம்முடைய வேர்வைக்கு நனைந்த துணி மார்பில் ஒட்டிக்கொண்டே இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். காம்பு எரிந்து, பால் கொடுத்த பிறகும் உள்ளுக்குள் குத்தி, பிள்ளையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அதுதான். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்பத் திரும்பப் போகும்.

காம்பு தட்டையாக அல்லது உள்வாங்கி இருக்கிறவர்களுக்கு ஆஸ்பத்திரிகளில் சொல்லித் தருகிற ஒரு எளிய வழி உண்டு. 20 மி.லீ. சிறிஞ்சின் ஊசி மாட்டும் முனையை வெட்டிவிட்டு, தண்டை அந்த வெட்டிய பக்கத்தால் உள்ளே போட வேண்டும். மழுங்கலான மற்றப் பக்கத்தைக் காம்பின் மேல் வைத்து, நோகாத அளவுக்கு மெல்ல இழுத்து அரை நிமிடம் பிடித்திருங்கள். பால் கொடுக்க முன்னர் இப்படிச் செய்தால் பிள்ளைக்குப் பிடிக்க இலகு. பிள்ளை குடிப்பது காம்பை அல்ல, மார்பை. அதனால் தட்டைக் காம்போடு நன்றாகக் கொடுக்கிற தாய்மார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

சிசேரியன் செய்தவர்கள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம், அல்லது பிள்ளையின் கால் உங்கள் முதுகுப் பக்கம் போக, அக்குளுக்குக் கீழே வைத்துக் கொடுக்கலாம். தையலில் பாரம் விழாது.

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் கட்டுவது பலருக்கு வரும். மார்பு இரண்டும் கல்லாகி, தோல் பளபளத்து, காம்பு தட்டையாகிப் பிள்ளைக்குப் பிடிக்கவே முடியாமல் போகும். வீட்டில் உடனே சுடுதண்ணீர் ஒத்தணம், எண்ணெய் போட்டு உருவுதல் என்று தொடங்குவார்கள். கொதிக்கிற ஒத்தணமும் அழுத்தி உருவுவதும் வீக்கத்தைக் கூட்டும். செய்ய வேண்டியது இது: பத்து விரல் நுனியையும் காம்பைச் சுற்றிக் கறுத்த வட்டத்தில் வைத்து, நெஞ்சுப் பக்கமாக மெல்ல அமத்தி ஒரு நிமிடம் வைத்திருங்கள். வீக்கம் பின்னுக்குப் போய் வட்டம் இளகும், பிள்ளை பிடிக்கும். பிள்ளை குடித்த பிறகு குளிர்ந்த துணியை 10 முதல் 15 நிமிடம் போடுங்கள். பிரிட்ஜில் வைத்த கோவா இலையைச் சட்டைக்குள் வைப்பதும் நல்ல ஆறுதல். பாரம் தாங்காவிட்டால் இளகுகிற அளவுக்கு மட்டும் கையால் எடுங்கள், ஒட்டப் பிழிந்தால் உடம்பு இன்னும் கூட ஊறவைக்கும்.

ஒரு மார்பில் மட்டும் ஓரிடம் சிவந்து, தொட்டால் சுட்டு, 38.5 பாகைக்கு மேல் காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால் அது மார்பு அழற்சி. அந்தப் பக்கப் பாலை நிறுத்தக் கூடாது. பால் கெட்டுப்போகவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது. திடீரென்று நிறுத்தினால்தான் சீழ்க்கட்டியாக மாறும். பரசிட்டமோல் போடலாம், குளிர் ஒத்தணம் கொடுக்கலாம், தாய் படுத்து ஓய்வெடுக்க வேண்டும். ஒரு நாளில் குறையாவிட்டால், அல்லது காம்பில் வெடிப்பும் சேர்ந்திருந்தால், வைத்தியரிடம் போங்கள். அன்ரிபயோட்டிக் கொடுத்தால் 10 முதல் 14 நாள் முழுவதும் குடிக்க வேண்டும், காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது.

வெயிலுக்கு வருவோம். மே தொடங்கி ஓகஸ்ட் மட்டும் கச்சான் காற்று அடிக்கும்போது திருகோணமலையில் பெரியவர்களுக்கே நாக்கு வறளும். "இந்த வெக்கைக்குப் பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி குடுக்கப்படாதோ" என்று கேட்காத அம்மம்மா இல்லை. கொடுக்க வேண்டாம். தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 வீதம் தண்ணீர்தான். வெக்கை கூடினால் பிள்ளை அடிக்கடி கேட்கும், அடிக்கடி கொடுத்தால் போதும். தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும், கிணற்றுத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வயிற்றோட்டத்தையும் கொண்டுவரும். கற்கண்டுத் தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், கிரைப் வோட்டர் எதுவும் 6 மாதம் வரை தேவையில்லை. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி கைக்குழந்தையின் தசைகளை முடக்கும் நச்சை உண்டாக்கும்.

தண்ணீர் வேண்டியது தாய்க்கு. பிள்ளைப்பெத்தவள் தண்ணீர் குடித்தால் வண்டி வைக்கும் என்று அளந்து கொடுக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. எனக்கு மிகவும் கோபம் வருகிற பழக்கம் இதுதான். இந்த ஊர் வெயிலில் அவருடைய சிறுநீர் மஞ்சளாகி, தலை சுற்றி, மலச்சிக்கலோடு மூலமும் வந்து சேரும். பிள்ளையைத் தூக்கும் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்க வேண்டும். அதைக் கொண்டுவந்து வைப்பது கணவனின் வேலை.

பத்தியச் சரக்கு அரைத்த கறியில் பிழை ஒன்றுமில்லை. உள்ளி, மிளகு, மஞ்சள், சீரகம் எல்லாம் நல்ல சாப்பாடு. பிழை, அதைமட்டும் கொடுத்து மரக்கறியையும் பழத்தையும் மறிப்பதில். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக வேண்டும், அதாவது இன்னொரு சின்னச் சாப்பாடு. பால்சுறா வறையும் புட்டும் பால் ஊறவைக்கும் என்று தலைமுறையாகச் சொல்கிறோம். அதில் நல்ல புரதம் இருக்கிறது, விருப்பத்துடன் சாப்பிடுவதும் நல்லதுதான். ஆனால் சுறா இனம் மற்ற மீனைத் தின்று வளர்வது, உடம்பில் பாதரசம் சேரும். ஆகவே நாளாந்தம் வேண்டாம், சின்னச் சுறாவை எப்போதாவது வாங்குங்கள். மற்ற நாட்களுக்கு சூடை, கீரி, சாளை, நெத்தலி இருக்கவே இருக்கின்றன. விலையும் குறைவு, கல்சியமும் பிள்ளையின் மூளைக்கு வேண்டிய கொழுப்பும் அவற்றில் கூட. முருங்கையிலைச் சுண்டலும் அப்படியே. கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளையும் திரிபோஷ சத்துமாவையும் தாய்தான் எடுக்க வேண்டும், வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடுவதற்கல்ல. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு காலத்தில் சிலர் தயங்குவார்கள். பாலூட்டும் தாய்க்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்ற மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது. பிள்ளையின் சீலை நனைவது குறைந்தால் அந்தச் சலுகையைத் தயங்காமல் எடுங்கள்.

பின்னேரத்து அழுகையைப் பற்றி முதலில் சொன்னேன். மாலை ஐந்து மணியிலிருந்து இரவு பத்துப் பதினொன்று வரை சில பிள்ளைகள் அரை மணிக்கு ஒருக்கா கேட்கும். இரண்டு மூன்று கிழமையில், ஆறு கிழமையில், மூன்று மாதத்தில் இது இரண்டு மூன்று நாள் உச்சத்துக்குப் போகும். பிள்ளை வளர்கிற வேகத்துக்குப் பாலைக் கூட்டச் சொல்லிக் கேட்கிற விதம் அது. அந்த நாட்களில் சமையலையும் வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணீர் போடுவதையும் வேறு யாராவது பார்க்கட்டும். ஆறு கிழமையளவில் மார்பு மெதுமெதுப்பாகி, பால் வடிவதும் நின்றுவிடும். வற்றிவிட்டது என்று பயந்து பால்மாவுக்குப் போகிறவர்கள் இந்தக் கட்டத்தில் அதிகம். வற்றவில்லை. பிள்ளைக்கு வேண்டிய அளவுக்கு உடம்பு பழகிவிட்டது.

மனதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால் இறங்கும்போது சிலருக்கு மார்பு ஊசி குத்தினாற்போல் கூசும், சிலருக்குத் தூக்கம் வரும், உடம்பு இளகும். இன்னும் சிலருக்குப் பால் இறங்க ஓரிரு நிமிடம் முன்னர் காரணமே இல்லாமல் ஒரு துயரம் கவிந்து, சில நிமிடத்தில் தானாக விலகிவிடும். ஓமோன் மாறுவதால் வருவது, பிள்ளையில் பாசமில்லாததால் அல்ல. வெளியே சொல்ல வெட்கப்பட்டு எத்தனையோ பேர் இதைத் தனியே சுமக்கிறார்கள். பிள்ளை பிறந்து முதல் பத்து நாள் கண்ணீர் வருவது வழமை. இரண்டு கிழமை கடந்தும் தூக்கமில்லை, சாப்பிட மனமில்லை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் மிட்வைஃபிடம் சொல்லுங்கள், அல்லது 1926 என்ற மனநல இலக்கத்துக்கு எடுங்கள்.

சந்தோசம் முதல் நாளே வந்துவிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பலருக்கு அது ஆறு கிழமைக்குப் பிறகுதான் வருகிறது, நோவெல்லாம் ஆறி, இருட்டிலேயே கை தானாகப் பிள்ளையைச் சரியான இடத்தில் போடப் பழகிய பிறகு. பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்ரிமீற்றர் தூரம்தான் தெளிவாகத் தெரியும். மார்பிலிருந்து தாயின் முகம் மட்டும் உள்ள தூரம் அது. மூன்று மாதப் பிள்ளை குடித்துக்கொண்டே தாயின் முகத்தைப் பார்க்கும், பார்த்துச் சிரிக்கப் போய்ப் பிடியை விட்டுவிடும், பால் கடைவாயால் வழியும், திரும்ப அவசரமாகத் தேடிப் பிடிக்கும். இதற்காகவே முதல் மாதத்தைத் தாண்டிப் பாருங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லத் தோன்றும்.

வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு: மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிற தொழிலிடங்களில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் தாய்க்கு 9 மணித்தியால வேலைக்குள் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. பிள்ளை பராமரிப்பு இடம் அங்கேயே இருந்தால் ஒவ்வொன்றும் 30 நிமிடம், இல்லாவிட்டால் 1 மணித்தியாலம். கேட்டுப் பெறுங்கள். பால் எடுத்துப் பழகுவதை லீவு முடிய இரண்டு மூன்று கிழமை முதலே தொடங்குங்கள். விடியற்காலையில் மார்பு நிறைந்திருக்கும், அப்போது இலகு. கையைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த அகல வாய்ப் பாத்திரத்தை வையுங்கள். பெருவிரலும் சுட்டுவிரலும் காம்பிலிருந்து 2 முதல் 3 சென்ரிமீற்றர் பின்னால். முதலில் நெஞ்சுப் பக்கம் அமத்தி, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அழுத்தி, விடுங்கள். தோலில் விரல் வழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், பிறகு மற்றப் பக்கம், இப்படி மாறி மாறி 20 முதல் 30 நிமிடம். முதல் நாட்களில் பாத்திரத்தின் அடி மட்டும் நனையும். பழகப் பழகக் கூடும்.

ஒரு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிள்ளை நாளுக்கு ஏறத்தாழ 750 மி.லீ. குடிக்கும், அந்த அளவு பெரிதாக மாறாது. ஆகவே ஒரு தடவைக்கு 60 முதல் 120 மி.லீ. போதும். பால்மா ரின்னில் போட்டிருக்கிற அளவோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். எடுத்த பாலை நம்முடைய அறை வெப்பத்தில் 3 முதல் 4 மணித்தியாலத்துக்கு மேல் வைக்காதீர்கள். பிரிட்ஜில் உள்ளே, பின் சுவரோடு 4 நாள் வரை வைக்கலாம், கதவில் வைக்கக் கூடாது. கரண்ட் அடிக்கடி போகிற இடமென்றால் ஒரு நாளுக்குள் முடியுங்கள். கந்தோரில் பிரிட்ஜ் இல்லாவிட்டால் ஐஸ் போட்ட சின்ன ரெஜிபோம் பெட்டி ஒரு நாளுக்குத் தாங்கும். கொழுப்பு மேலே பிரிந்து நிற்கும், அது கெட்டதல்ல, மெல்லச் சுழற்றினால் சேரும். சூடாக்க வேண்டுமென்றால் போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள், அடுப்பில் நேரே வைக்க வேண்டாம். பிள்ளை குடித்து மிஞ்சியதை 2 மணித்தியாலத்துக்குப் பிறகு ஊற்றிவிடுங்கள்.

கொடுப்பது கோப்பையால். சூப்பிப் போத்தலைக் கழுவுவதும் கஷ்டம், பிள்ளைக்கு மார்பும் மறக்கும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் தொடவைத்து, பால் உதட்டை முட்டும் அளவுக்குச் சரியுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது. பிள்ளை நாக்கை நீட்டி நக்கி, உறிஞ்சிக் குடிக்கும். மார்பின் வாசம் தெரிவதால் தாய் கொடுத்தால் அடம்பிடிக்கும். அப்பம்மாவோ அப்பாவோ கொடுக்கப் பழகட்டும்.

உண்மையிலேயே பால் குறைவான தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களை மறைத்துப் பேசுவது அநியாயம். பிரசவத்தில் மிகக் கூடுதலாக இரத்தம் போனவர்கள், நச்சுக்கொடியின் துண்டு உள்ளே தங்கியவர்கள், தைரொயிட் குறைபாடு உள்ளவர்கள், மார்பில் அறுவைச் சிகிச்சை செய்தவர்கள் போன்றோருக்கு முறை எல்லாம் சரியாக இருந்தும் நிறை ஏறாமல் போகலாம். காரணத்தைத் தேடிச் சிகிச்சை எடுக்கலாம். வைத்தியர் பால்மா சேர்க்கச் சொன்னால் சேருங்கள், மார்பில் கொடுத்த பிறகு, கோப்பையால். ரின்னில் சொன்ன கரண்டிக் கணக்குக்கு மேல் தண்ணீர் விட்டு இழுக்கக் கூடாது. அந்தத் தாயிடம் யாரும் விளக்கம் கேட்கவும் கூடாது.

பிள்ளை பால் குடிக்க மறுத்து வாடிக் கிடந்தால், 38 பாகைக்கு மேல் காய்ந்தால், முதல் இரண்டு நாள் கடந்த பிறகு 8 மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினால், பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிந்தால், வீட்டு மருந்து பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள். மற்றத் தொல்லைகளுக்கு உங்கள் பகுதி மிட்வைஃப் போதும். பிரசவமான முதல் 10 நாளில் இரண்டு தடவையாவது வீட்டுக்கு வருவது அவர்களுடைய கடமை. வரும்போது பிள்ளையை நிறுத்துப் பார்ப்பதோடு விட்டுவிடாமல், பக்கத்தில் இருந்து நீங்கள் பால் கொடுப்பதை ஒருதடவை முழுவதும் பார்க்கச் சொல்லுங்கள்.

6 மாதம் முடிந்ததும் சோறும் பருப்பும் மரக்கறியும் மசித்துத் தொடங்கலாம், பால் தொடர்ந்து இருக்க வேண்டும். இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரண்டு முழு ஆண்டுகள் என்று குர்ஆனும் சொல்கிறது. மறக்கச் செய்ய நினைக்கிறவர்கள் வேப்பெண்ணெய் பூசி ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். பிள்ளைக்குப் பயம், உங்களுக்குப் பால் கட்டும். பிள்ளை அதிகம் தேடாத ஒரு பகல் நேரத்தை முதலில் விடுங்கள், மூன்று நாலு நாள் கழித்து அடுத்ததை. தூங்க முன்னர் குடிப்பதைக் கடைசிக்கு வையுங்கள். இடையில் மார்பு பாரமானால் இளகுகிற அளவு மட்டும் கையால் எடுத்து, குளிர் துணி போட்டால் போதும்.